மேற்படி ரோட்டர்

மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 136. விபத்தில் சம்பந்தப்பட்ட வாகனத்தைப் பரிசோதனைக்காக எடுத்துச் செல்லலாம். எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதை உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும். நடைமுறைகள் முடிந்ததும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும்.

நல்ல சட்டம். படித்தால் மனம் குளிர்கிறது. எழுதியவர் சொந்தமாக ஒரு வண்டி வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அதில் இரண்டு சொற்களை மறுபடியும் பாருங்கள். 'நடைமுறைகள் முடிந்ததும்...' நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். நடைமுறைதான் எனக்குச் சோறு போட்டது. அது ஆரம்பிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முடிந்து பார்த்தது உண்டா? யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு சொற்களுக்கும் இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. என் நண்பர் ஆரோக்கியசாமி அதில்தான் விழுந்தார்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும் — பழைய கார். கள்ளக்குறிச்சிப் பக்கம் இந்த வியாதி உள்ளவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜவேலுவின் ரைஸ்மில் களத்தில் கூடுவோம், அங்கே நெல் காயாத நாளாக இருந்தால். எங்கள் வயதுக்காரர்கள் மாத்திரைகளைப் பற்றிப் பேசும் நேரத்தில் நாங்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கார்புரேட்டரைப் பற்றிப் பேசுவோம். ராஜவேல் எங்களில் இளையவன். வைத்திருப்பது ஒரு பழைய ஜீப். வாய் ஜாஸ்தி.

"இதுக்குப் பேரு பெட்ரோலா? கரும்புச் சாறு!" என்று ஒவ்வொரு வாரமும் ஆரம்பிப்பான். கரும்பாலையில் வடிக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய பம்புகளின் ரப்பர் ஊறிப் பிய்ந்துவிடுகிறது என்ற கோபம் அவனுக்கு.

"அந்தக் கரும்பே நான் வெட்டி அனுப்பிச்சதுதான்டா" என்பார் ஆரோக்கியசாமி. "எங் கரும்பே என் வண்டிக்கு எமனா வந்துகினு இருக்குது. யாருகிட்ட போயி சொல்றது?"

அவர் அதிகம் பேசமாட்டார். சங்கராபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். கரும்பும் கொஞ்சம் நெல்லும். அவரிடம் இருந்தது ஒரு பச்சை நிறக் கார். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதே கார் வைத்திருக்கும் வாசகர்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டு எனக்கு எழுதுவார்கள். சுதந்திரத்துக்கு முந்தைய வண்டி என்பது போதும். அந்தக் காலத்துக் கார்களில் சிலவற்றுக்குத் தகரத்துக்கு அடியில் இருப்பது இரும்பு அல்ல, மரம். கதவு, கூரை, தரை எல்லாமே மரச் சட்டத்தின் மேல் தகரத்தைப் போர்த்திச் செய்தவை. வாங்கும்போது அந்த மரம் உளுத்துப் போயிருந்ததாம். ஒவ்வொரு சட்டமாகக் கழற்றி, அதே அளவுக்கு வேங்கை மரத்தில் இழைத்துப் பொருத்தியிருந்தார். எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டால், "கரும்பு வெட்டு இல்லாதப்பல்லாம் செஞ்சங்க" என்பார். அவ்வளவுதான்.

மரச் சட்டத்துக்கு எதிரி தண்ணீர். வானம் கறுத்தால் அந்த வண்டி வெளியே வராது. கண்காட்சிக்குக் கூப்பிட்டால் முதலில் தேதியைக் கேட்க மாட்டார், அங்கே ஷெட் இருக்கிறதா என்று கேட்பார்.

இனி, பழைய கார்க்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இந்த வண்டிகளில் பூட்டு என்பது மரியாதைக்குத்தான். ஒரு ஆணியை விட்டுத் திருப்பினாலே கிளம்பிவிடும். ஆகவே எங்கே நிறுத்தினாலும் பானெட்டைத் தூக்குவோம். எஞ்சினுக்கு மின்பொறியைப் பங்கு போட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ஒரு சின்னத் துண்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். அதற்குப் பெயர் ரோட்டர். சோடா மூடியை விடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு நிற பேக்லைட், தலையில் ஒரு பித்தளைப் பட்டை. அது இல்லையென்றால் எவ்வளவு பெரிய காரும் பீரோ மாதிரிதான். நின்ற இடத்தில் நிற்கும்.

நானும் ராஜவேலும் இந்தப் பழக்கத்தை விட்டு வெகுகாலம் ஆகிறது. ரகசிய ஸ்விட்ச் வைத்துக்கொண்டுவிட்டோம். ஆரோக்கியசாமி விடவில்லை. அவருடைய எல்லாச் சட்டைகளிலும் பையின் அடியில் ஒரு கறுப்புக் கறை இருக்கும்.

"மத்த வூட்டுப் பொம்பளைங்க, பாக்கெட்ல ரூவா நோட்டு இருக்குதான்னு தொட்டுப் பாத்துட்டுத் துவைப்பாங்க" என்று அவர் மனைவி லூர்துமேரி எங்களிடம் சொல்வார். "எனக்கு வாச்சது... ரோட்டரு இருக்குதான்னு பாத்துத் துவைக்கிறேன்."

போன கோடையில் மலைக்குப் போனோம். வருஷத்துக்கு ஒரு தடவை, பள்ளிக்கூட லீவில், வெள்ளிமலையில் ஒரு பள்ளி மைதானத்தில் வண்டிகளை நிறுத்தி வைப்போம். போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. ஏறினோம் என்பதுதான் பரிசு. கல்வராயன் மலையின் வளைவுகளில் பழைய வண்டி ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பாதி வழியில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சின் முனகி நின்றுவிடும். உடனே இறங்கி, ஈரச் சாக்கைப் பம்பின் மேல் போர்த்திவிட்டு, மரியாதையாக ஓரமாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் பற்றுப் போடுவது போல. பின்னால் வரும் பஸ்காரர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் சொல்லும் ஆறுதலை இங்கே எழுத முடியாது.

மேலே மைதானத்தில் நல்ல கூட்டம். தலையில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு அம்மாள் பச்சைக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா, கல்யாணமா?"

"இல்லீங்கம்மா. சும்மா... காட்டறதுக்கு" என்றார் ஆரோக்கியசாமி.

"காட்டறதுக்கா? அதான் ஓட்டிக்கினு வந்துட்டீங்களே. அப்புறம் இன்னா காட்டறது?"

எங்கள் பொழுதுபோக்கைப் பற்றி இவ்வளவு சரியான விமர்சனத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

மாலையில் இறங்கினோம். கீழே, அடிவாரத்தில் இருக்கும் அணையைத் தாண்டி ஒரு டீக்கடை. சாலையை விட்டு நன்றாக இறக்கி, புங்க மரத்தடியில் வண்டிகளை நிறுத்தினோம். ஆரோக்கியசாமி பானெட்டைத் தூக்கினார், ரோட்டரை உருவினார், சட்டைப் பையில் போட்டார், தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகுதான் டீ.

டீ பாதியில் இருக்கும்போது அந்த பைக் வந்தது. ஒரு நாய் குறுக்கே ஓட, வண்டி வழுக்கி, சாலையை விட்டிறங்கி, பச்சைக் காரின் பின் மட்கார்டில் இடித்து விழுந்தது. ஓட்டி வந்தவர் முருகேசன் — ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில்லில் வேலை பார்ப்பவர், முப்பது வயதுக்காரர். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கக் கூடாத திசையில் இருந்தது.

ஆரோக்கியசாமி காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மட்கார்டு என்ன ஆயிற்று என்று நான் பார்த்தேன், ராஜவேல் பார்த்தான்... அவர் பார்க்கவில்லை. நேராகப் போய் முருகேசனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னாடா பாத்துகினு நிக்கிற? ஜீப்ப எடுறா!"

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குப் போனோம். நானும் கூடப் போனேன். அங்கே கையெழுத்துகள் தேவைப்படும், எனக்கு அவை எங்கே போடப்படும் என்று தெரியும் என்பதால். விபத்து நடந்த இடத்தில் யாராவது ஒருவர் நிற்க வேண்டும் என்பதும் நடைமுறைதான். நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் நின்றோம்.

திரும்பி வந்தபோது மரத்தடியில் என் வண்டி நின்றது, பச்சைக் கார் இல்லை. டீக்கடைக்காரர் சொன்னார்: "போலீஸ்காரங்க வந்து டிராக்டர்ல கட்டி இழுத்துக்கினு போயிட்டாங்கங்க. என்னன்னவோ பண்ணிப் பாத்தாங்க, ஸ்டார்ட்டே ஆவல."

ஆரோக்கியசாமி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எந்தக் காவல் நிலையம் என்று சொல்ல மாட்டேன். மலையடிவாரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எழுத்து வேலை பார்த்த பெண் ஏட்டு கலைச்செல்வி. நல்ல பெண். எங்களுக்கு நாற்காலி போட்டார். நின்றிருந்த கார்தான், தவறு எதுவும் இல்லை, மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்ததும் எடுத்துப் போகலாம் என்றார். எழுதி வைத்திருந்ததையும் படித்துக் காட்டினார். 'ஓடும் நிலையில் இல்லாத பச்சை நிறப் பழைய கார் ஒன்று.'

"ஓடும் நிலையில் இல்லாத..." என்று ஆரோக்கியசாமி தனக்குள் சொல்லிப் பார்த்தார். மட்கார்டு நசுங்கியதற்கு வராத வருத்தம் அவர் முகத்தில் அப்போது வந்தது.

மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். வயது குறைவு. மோட்டார்களை நேசிக்கிறவர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. முதலில் முருகேசனின் பைக். ஒரு உதை, கிளம்பியது. முற்றத்தில் ஒரு சுற்று, பிரேக் பிடித்தது, குறித்துக்கொண்டார். வேலை முடிந்தது. சாயங்காலமே முருகேசனின் அண்ணன் வந்து அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இடித்த வண்டி இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வீடு சேர்ந்தது. சட்டம் வேலை செய்கிறது என்பதற்கு நானே சாட்சி.

பிறகு கார். அதன் பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

"சூப்பருங்கய்யா. ஸ்டார்ட் பண்ணுங்க, பிரேக்கைப் பாத்துடலாம்."

"ஆவாதுங்களே."

"ஏன்?"

"ரோட்டரு எங்கிட்ட இருக்குதுங்க." சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதைக் காட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை கூட இருந்தது. வண்டி ஓடும் நிலையில் இல்லாதது அல்ல என்று நிரூபிக்க வேண்டும் அல்லவா?

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு, எழுதி வைத்திருந்ததைப் பார்த்தார்.

"ஐயா, இது வண்டியோட இருந்த பொருளா?" என்றார் ஏட்டு.

"ஆமாங்க. என் வண்டிதுதான்."

"வண்டிய நாங்க எடுக்கறப்ப இது வண்டில இல்லையே."

"பாக்கெட்ல இருந்துச்சுங்க. நான் ஆஸ்பத்திரில இருந்தேன்."

"இப்ப இத மாட்டினா, கேஸ்ல இருக்கற வண்டில புதுசா ஒரு பொருளச் சேத்த மாதிரி ஆவுமே சார்?" என்று கலைச்செல்வி இன்ஸ்பெக்டரைக் கேட்டார். கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. போன வருஷம் வேறொரு வழக்கில் வண்டியில் ஒரு டயர் மாறிப்போய், அவருக்கு மெமோ கொடுத்திருந்தார்களாம்.

ஆக, நிலைமை இதுதான். வண்டி கிளம்பாமல் பிரேக்கைச் சோதிக்க முடியாது. ரோட்டர் இல்லாமல் வண்டி கிளம்பாது. அனுமதி இல்லாமல் ரோட்டரை மாட்ட முடியாது. பிரேக்கைச் சோதிக்காமல் அறிக்கை தர முடியாது. அறிக்கை இல்லாமல் வண்டியைத் தர முடியாது. நான் பணியில் இருந்த காலத்தில் இவ்வளவு உருண்டையான ஒன்றைப் பார்த்ததில்லை.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பீர்கள். போனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கை எங்கே என்று கேட்டார்கள்.

யாரும் ஐந்து பைசா கேட்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டிருந்தால் ஒரு வழி பிறந்திருக்கும்.

நீதிமன்றத்திலிருந்து திரும்பிய அன்று டீக்கடையில் ராஜவேல் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, ரெண்டு நிமிஷ வேல. நான் போயி அந்த ஏட்டம்மாகிட்ட எதனா பேசிகினு இருக்கேன். நீ பின்பக்கமா போயி மாட்டிட்டு வந்துரு. மறுநாளு வந்து 'இன்னொரு வாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க'ன்னு சொல்லுவோம். 'சாமி புண்ணியத்துல ஸ்டார்ட் ஆச்சு'ம்பாங்க. அவங்களுக்கும் நிம்மதி."

ஆரோக்கியசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "என் வண்டிய நான் திருட்டுத்தனமா தொடணுமா?"

"தொட்டா இன்னாண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். நீங்கதான் ஆபீசரு."

"எழுதிக் கேட்போம்" என்றேன்.

ராஜவேல் தலையில் அடித்துக்கொண்டான். "இவருகிட்ட போயி கேட்ட பாரு!"

எழுதினேன். மனு எழுதுவது எனக்குக் கைவந்த கலை. பணி ஓய்வுக்குப் பிறகு அவ்வளவு நிறைவாக வேறொன்றும் எழுதியதில்லை — இந்தப் பத்தியையும் சேர்த்துத்தான். மேற்படி வாகனத்தின் இன்னின்ன பாகமான மேற்படி ரோட்டரைப் பொருத்த அனுமதி வேண்டுகிறேன். எதிர்காலத்தில் வேறு எதையோ மாட்டிவிட்டார்கள் என்று ஒருவரும் சந்தேகம் எழுப்பக் கூடாதல்லவா? ஆகவே மேற்படி ரோட்டரை முழுதாக வர்ணித்தேன். பழுப்பு நிறம். பித்தளைப் பட்டையின் இடது ஓரத்தில் தேய்மானம். அடிப்பாகத்தில் அரிசி அளவுக்கு ஒரு உடைசல். 'மேற்குறித்த அடையாளங்கள் கொண்ட மேற்படி ரோட்டர் ஒன்றைத் தவிர வேறு எதையும் பொருத்த மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.' ஆரோக்கியசாமி கையெழுத்திட்டார்.

மனு நிலையத்திலிருந்து மேல் அலுவலகத்துக்குப் போயிற்று. மேல் அலுவலகம் இன்னொரு அலுவலகத்தின் கருத்தைக் கேட்டது. அந்த அலுவலகம், இது தங்கள் வரம்புக்குள் வராது என்ற கருத்தைத் தெரிவித்தது. அதைத் தெரிவித்த கடிதத்தில் ஓர் இணைப்பு விடுபட்டிருந்ததால் அது திரும்பப் போயிற்று. எனக்கு இதிலெல்லாம் ஆச்சரியம் இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் முன்கூட்டியே சொன்னேன். நான் சொன்னது சொன்னபடி நடந்தது.

முன்கூட்டியே சொல்லத் தெரிந்ததைத் தவிர, என்னால் ஆனது என்ன?

நிலையத்தின் முற்றம் வெட்டவெளி. மணல் லாரிகள், பைக்குகளின் குவியல், ஒரு வேன் மேல் படர்ந்திருந்த கொடி. பச்சைக் கார் அந்த வேனுக்குப் பக்கத்தில் நின்றது. ஆரோக்கியசாமி வீட்டிலிருந்து ஒரு தார்ப்பாய் கொண்டுவந்தார். போர்த்துவதற்கு அனுமதி வேண்டுமா என்று அவரே கேட்டார். கலைச்செல்வி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "போத்திடுங்கய்யா, நான் பாக்கல" என்றார்.

ஆடி பிறந்தது. ஒரு கோயில் திருவிழா பந்தோபஸ்துக்குப் போன போலீஸ்காரர்களுக்கு வெயிலுக்குப் பந்தல் போட ஏதாவது வேண்டியிருந்தது. தார்ப்பாய் போயிற்று. போனது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்ததைக் கொண்டுவருவதற்குள் மழை வந்து மரத்துக்குள் இறங்கிவிட்டது. மலையில் ஏறும் மேகம் இந்தப் பக்கம் மதியத்துக்கு மேல் இறங்கும். ஒரு மணி நேரம் கொட்டும். பிறகு வெயில். மரத்துக்கு அதை விடக் கெட்டது கிடையாது.

ஆரோக்கியசாமி தினமும் வர ஆரம்பித்தார். காலையில் டவுன் பஸ், சாயங்காலம் டவுன் பஸ். நிலையத்துக்கு எதிர்க் கடையில் உட்கார்ந்துகொள்வார். கலைச்செல்வி தலையாட்டினால் உள்ளே போய் ஒரு தடவை கதவைத் திறந்து சாத்திவிட்டு வருவார். நோயாளியின் நாடியைப் பார்ப்பது போல. அதற்கு மேல் எதையும் தொட மாட்டார். எழுதிக் கொடுத்திருக்கிறோமே!

"முன்னெல்லாம் 'டப்'புன்னு சாத்தும் சார்" என்று போனில் சொன்னார். "இப்ப ஈரத் துணிய அறையற மாதிரி சத்தம் வருது. சட்டம் இறங்கிடுச்சு."

இன்னொரு நாள்: "தரையில காளான் மொளச்சிருக்குது சார்."

"ஐயோ."

"நல்ல காளான்தான். கொழம்பு வெக்கலாம்." சிரித்தார். "மனு இன்னா ஆச்சு சார்?"

"வந்துவிடும் ஆரோக்கியம்."

"சரிங்க சார். நீங்க சொன்னா சரிதான்."

ஒரு நாள் அந்தக் கடை வாசலில் ஒரு பைக் நின்றது. முருகேசன். மாவுக்கட்டு பிரித்துவிட்டார்கள், லேசாகச் சாய்ந்து நடந்தார். நான் அன்று கூட இருந்தேன்.

"இன்னாங்கய்யா, இன்னுமா வண்டி குடுக்கல?"

"இல்லப்பா."

"நான்தானங்க வந்து இடிச்சேன்? வேணும்னா நானே வந்து எழுதிக் குடுக்கறங்க, எந் தப்புன்னு."

"ஏற்கெனவே எழுதி வெச்சிருக்காங்கப்பா. உன் தப்புதான்னு. கால் எப்பிடி இருக்குது?"

"பரவால்லீங்க. மழைன்னா குடையுது."

"எனுக்கும்தான்" என்றார் ஆரோக்கியசாமி, முற்றத்தைப் பார்த்துக்கொண்டே.

ஐப்பசி பிறந்தது. அந்த வாரம் மழை மதியத்துக்கு மேல் வருவது என்ற கணக்கையெல்லாம் விட்டுவிட்டது, காலையிலிருந்தே பெய்தது. போக வேண்டாம் என்று லூர்துமேரி சொல்லியிருக்கிறார். நானும் போனில் சொன்னேன். போயிருக்கிறார். காரின் கூரை உள்வாங்கிவிட்டதாம். கலைச்செல்வி பிறகு என்னிடம் சொன்னார்: "அன்னிக்குக் கதவத் தொறக்கல சார். சும்மா கைய வெச்சிக்கினு நின்னாரு. 'வரேம்மா'ன்னு சொன்னாரு. எப்பவும் 'நாளைக்கு வரேம்மா'ம்பாரு."

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் சாய்ந்திருக்கிறார். கண்டக்டருக்குத் தினமும் பார்க்கும் முகம். அசந்து தூங்குகிறார் பெரியவர், மழையில் நனைந்தவர், கடைசி ஸ்டாப் போய்த் திரும்பும்போது எழுப்பி இறக்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். நல்ல மனசுதான். கடைசி ஸ்டாப்பில் தோளைத் தொட்டிருக்கிறார்.

மாரடைப்பு என்றார்கள். எழுதுவதற்கு அது போதும்.

மறுநாள் வீட்டில், புது வேட்டி சட்டை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அவர் போட்டிருந்த பழைய சட்டை ஒரு மூலையில் ஈரமாகக் கிடந்தது. ராஜவேல்தான் அதன் பையிலிருந்து ரோட்டரை எடுத்தான். துடைத்து, என்னிடம் நீட்டினான்.

"பத்திரமா வையுங்க சார். அனுமதி வந்தா மாட்டணுமில்ல..."

லூர்துமேரி எழுந்து வந்தார். என் கையிலிருந்து அதை வாங்கினார்.

"இது அவுருகிட்டயே இருக்கட்டும்."

"அக்கா, அது வேணும்க்கா" என்றான் ராஜவேல்.

"எதுக்கு? காளான் மொளச்ச வண்டிக்கா?" குனிந்து, புதுச் சட்டைப் பையில் அதைப் போட்டார். ஒரு தடவை தட்டிப் பார்த்தார். ஆரோக்கியசாமி தட்டிப் பார்ப்பாரே, அதே போல. "இது பாக்கெட்ல இல்லாம எங்கியாவது போயிருக்காரா அவுரு? பாதி வழியில தடவிப் பாத்துட்டுத் திரும்பி வந்துடுவாரு."

சுற்றி நின்ற பெண்களில் யாரோ விசும்பினார்கள். அடக்க ஜெபத்துக்குப் பாதிரியார் காத்துக்கொண்டிருந்தார். நான் விலகி வழிவிட்டேன். பொருளின் வாரிசு லூர்துமேரி. அதை என்ன செய்வது என்பது அவர் உரிமை. அது நடைமுறைப்படியும் சரிதான்.

அடக்கத்துக்கு முருகேசன் வந்திருந்தார். கலைச்செல்வி சீருடையில்லாமல் வந்து, கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனார்.

வேறொரு ரோட்டர் வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். அந்த வண்டிக்கு எங்கேயாவது கிடைக்கலாம். ஆனால் மனுவை நினைத்துப் பாருங்கள். அரிசி அளவுக்கு உடைசல் உள்ள மேற்படி ரோட்டர் ஒன்றைத் தவிர வேறு எதையும்... உறுதி கூறுகிறேன். என் எழுத்தில் ஓட்டை கண்டுபிடித்தவர்கள் பணிக்காலத்திலேயே கிடையாது.

கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள் என்று ஒன்று உண்டு. அன்று கல்லறைகளைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஆரோக்கியசாமியின் கல்லறைக்கு இன்னும் சிமெண்ட் பூசவில்லை. மழையில் மண் உட்கார்ந்திருந்தது. லூர்துமேரி அதன் மேல் சாமந்தியைப் பரப்பிக்கொண்டிருந்தார். ராஜவேல் மெழுகுவர்த்திக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான்.

தபால்காரர் சைக்கிளைக் கல்லறைத் தோட்ட வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். வீடு பூட்டியிருந்தது, எல்லாரும் இங்கேதான் இருப்பீர்கள் என்று தெரியும் என்றார். பதிவுத் தபால். பெறுநர்: திரு. ஆரோக்கியசாமி.

லூர்துமேரி கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமலே என்னிடம் கொடுத்தார். "நீங்களே படிங்க சார். உங்காளுங்க எழுத்துதான?"

படித்தேன். பார்வையில் காணும் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள அடையாளங்கள் கொண்ட மேற்படி ரோட்டரை, மேற்படி வாகனத்தில், மனுதாரர் தாமே நேரில் ஆஜராகிப் பொருத்துவதற்கு ஆட்சேபணை ஏதுமில்லை.

"இன்னா போட்டுகீறாங்க?" என்றார் லூர்துமேரி.

"மாட்டிக்கலாமாம்."

அவர் குனிந்தார். சாய்ந்திருந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்தி, சுற்றிலும் மண்ணை அணைத்து வைத்தார்.

எந்தக் கடிதம் வந்தாலும் அது வந்து சேர்ந்த நாளை அதன் மேலேயே குறித்துக் கையெழுத்திடுவது பணிக்காலத்துப் பழக்கம். கை தானாகவே பேனாவை எடுத்தது.

பெறப்பட்டது: நவம்பர் 2, கல்லறைத் திருநாள்.